காது அக்காவின் முதல் மெஷின்

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும் அவரைக் காது அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கம்பெனி அது. மெக்கானிக்குகள் ஊர் முழுக்கச் சுற்றுவார்கள். அக்கா போன் அறையில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்டு, யார் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அனுப்புவார். மெஷின் போடும் சத்தத்தைப் போனில் கேட்டே கோளாறை ஓரளவு சொல்லிவிடுவார். ஆனால் எந்த வீட்டுக்கும் போய் ஒரு மெஷினின் மூடியைக்கூட அவர் கழற்றியதில்லை.

இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி இருக்கின்றன என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. கேட்டேன்.

"கல்யாணமாகி சும்மா இருந்தேன். போன் எடுக்க ஆள் வேணும்னாங்க, வந்தேன்," என்றார். "ஒரு நாள் ஒரு அம்மா, மெஷின் என்னமோ பண்ணுது என்னமோ பண்ணுதுன்னு அழாத குறையா சொல்லுது. என்ன பண்ணுதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியல. எனக்கும் கேக்கத் தெரியல. சரி, போனைக் கொண்டுபோய் மெஷின் பக்கத்துல வைங்கம்மான்னேன். அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணி நம்ம பசங்களோட குரூப்ல போட்டேன். ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கடைசில யார் சொன்னது சரின்னு பார்க்க எனக்கே ஆசையாயிடுச்சு."

அப்படித் தொடங்கிய பழக்கம். சத்தம் வரும், குரூப்பில் போகும், மெக்கானிக்குகள் பதில் சொல்வார்கள், அன்று மாலையே யார் ஜெயித்தார் என்று தெரிந்துவிடும். கேட்டுக் கேட்டு அக்காவின் காதில் ஏறியதுதான் இத்தனையும்.

தவறும் நடந்திருக்கிறது. ஒரு முறை ஒரு வீட்டிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, பேரிங் போச்சு என்று அக்கா உட்பட எல்லாரும் ஒரே குரலாகச் சொல்லிவிட்டார்கள். எதற்கும் பதற்றப்படாததால் ஸ்டெபிலைசர் என்று பெயர் வாங்கிய மெக்கானிக் போய், மெஷினை அக்கு அக்காகப் பிரித்துப் போட்டுவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொள்ள நிமிர்ந்திருக்கிறார். சத்தம் மேலே இருந்து வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு ஃபேன்.

"அதுலேர்ந்து போன் எடுத்ததும் மொத வார்த்தை, ஃபேனை நிறுத்துங்கதான்," என்று அக்கா சிரித்தார்.

நான் அங்கே சேர்ந்ததற்குக் காரணம் அந்தக் குரூப்பை மூடுவதுதான். வாடிக்கையாளர் வீட்டுப் பேச்சு, குழந்தை அழுகை, புருஷன் பெண்டாட்டி சண்டை எல்லாம் சத்தத்தோடு சேர்ந்து பதிவாகி யார் யார் போனிலோ கிடந்தது. அது சரியில்லை என்று கம்பெனி முடிவு செய்து ஒரு ஆப் வாங்கியது. மெக்கானிக்குகள் அதில் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்களைப் பயன்படுத்த வைப்பது என் வேலை. "நமக்கு ஆப்பு வைக்க வந்த தம்பி" என்று முதல் நாளே எனக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆப்பில் எல்லாம் இருந்தது. சத்தம் பதியலாம், வீடியோ போடலாம். நடுவில் பெரிதாக, நீல நிறத்தில், "கேள்வி கேளுங்கள்" என்று ஒரு பொத்தான். அதை ஒருவரும் தொடவில்லை. யாரோ ஒருவர் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போட்டார். இன்னும் இருவர் அதற்குப் பதில் வணக்கம் போட்டார்கள். அவ்வளவுதான்.

எங்கே தப்பு செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. பழைய குரூப்பில் கொட்டிக் கிடந்த பேச்சு இங்கே ஏன் வரவில்லை? மதிய இடைவேளையில் அக்காவிடம் கேட்டு, அவர் போனில் மிச்சமிருந்த பழைய பதிவுகளைக் கேட்க ஆரம்பித்தேன். சீக்கிரமே ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் குரூப்பிலும் ஒருவர்கூடக் கேள்வி கேட்டதில்லை. சத்தத்தைப் போடுவார்கள், கீழே "சொல்லுங்க பார்ப்போம்" என்று எழுதுவார்கள். எல்லாமே போட்டி.

"அக்கா, இத்தனை பேரும் பதில் தெரிஞ்சுக்கிட்டேவா போட்டி வச்சாங்க?"

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். "நல்லா கேட்டீங்க போங்க. பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேரு மெஷினைத் திறந்து வச்சுட்டுத் திருதிருன்னு முழிச்சிட்டு நிக்கிறவங்க."

"யாரு எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"தெரிஞ்சவன் போட்டுட்டு சும்மா இருப்பான். தெரியாதவன் போட்ட மறு நிமிஷமே, என்ன, எல்லாரும் தூங்கிட்டீங்களான்னு கேப்பான்."

"எல்லாருக்கும் இது தெரியுமா?"

"தெரியாம என்ன. யாரும் சொல்றதில்ல. நாளைக்கு நம்மளும் கேக்கணும்ல."

அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு போனேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வகுப்பில் ஆசிரியர், சந்தேகம் இருக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன். கையைத் தூக்கினால், இவன் இங்கே வந்திருக்கக் கூடாதவன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயம். வீட்டிலும் கேட்க ஆள் இல்லை. கேள்வி கேட்பது சுலபம் என்று நான் எப்படி நினைத்தேன்? ஒரு பொத்தானை நீல நிறத்தில் வைத்தால் போதும் என்று எனக்கு யார் சொன்னது?

இதற்கிடையில் அக்காவின் விஷயம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தன்னையும் மெக்கானிக் ஆக்கச் சொல்லி வருஷக் கணக்காக சாரிடம் கேட்டு வந்தார். சார் என்றால் சர்வீஸ் பிரிவின் தலைவர். ஒரு காலத்தில் அவரும் பை தூக்கிய மெக்கானிக்தான். பட்டறையில் பழைய மெஷின் ஒன்றைப் பிரித்துப் பழக இந்த வருஷம்தான் அக்காவுக்கு அனுமதி கொடுத்திருந்தார். வீட்டில் மகள் கேலி செய்கிறாளாம்: "மிக்ஸி சத்தத்தைக் கேட்டே, சட்னி இன்னும் அரையலன்னு அடுத்த ரூம்லேர்ந்து சொல்ற ஆளு நீ. உனக்கு ஸ்பேனர் வேறயா?"

கடைசியில் சார் இறங்கி வந்தார். ஒரே ஒரு வீடு. அக்கா தனியாகப் போய் முடிக்க வேண்டும். இன்னொரு மெக்கானிக்கை அனுப்பும்படி ஆனால், அதோடு சரி. "அப்புறம் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாதும்மா. போன் ரூம்தான்." அக்கா ஒப்புக்கொண்டார்.

அன்று மதியம் அக்கா கிளம்பிப் போன பிறகு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து போனை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். சார் எதிரே உட்கார்ந்து ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் நடந்ததை அக்கா பிறகு எனக்குச் சொன்னார்.

கதவைத் திறந்த பெண் அக்காவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறார். "மெக்கானிக் பின்னாடி வர்றாரா?"

"நான்தான்மா மெக்கானிக்."

சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார். மெஷினைப் போட்டார். டிரம் மெதுவாகச் சுற்றும்போது ஒரு சத்தம் வந்தது. அது என்ன சத்தம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஃபேனை நிறுத்தினார். ஜன்னலைச் சாத்தினார். அப்போதும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவர் கேட்டதெல்லாம் போன் வழியாக வந்த சத்தம். மெலிந்து, சுருங்கி, காதோரம் வந்து விழுவது. இங்கே சத்தம் தரையிலும் சுவரிலும் மோதி அறை முழுக்க இருந்தது. "என்னமோ தெரியாத பாஷைல பேசுற மாதிரி இருந்துச்சு தம்பி. கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி."

பிறகு அவருக்கு ஒன்று தோன்றியது. சத்தத்தைப் போனில் பதிவு செய்து, பால்கனிக்குப் போய், போனைக் காதில் வைத்துக் கேட்டார். உடனே தெரிந்துவிட்டது. கம்பி. உள்ளாடையில் வைத்துத் தைக்கும் வளைந்த கம்பி கழன்று, டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவே விழுந்து உரசும் சத்தம். எத்தனையோ முறை போனில் கேட்டதுதான்.

ஆனால் கோளாறு தெரிந்ததே தவிர வழி தெரியவில்லை. பட்டறையில் பழகிய மெஷினுக்குப் பின்பக்கம் திறந்து கை விடலாம். இது வேறு மாடல். பின்பக்கம் வேறு மாதிரி இருந்தது. பழைய குரூப் இருந்திருந்தால் அதில் போட்டிருப்பார். அதை நான் மூடிவிட்டேன். ஆப்பில் போட்டால் சார் பார்ப்பார். தனியாக முடிக்க வேண்டும் என்று சொன்ன சார்.

மறுபடி பால்கனிக்குப் போய், அந்த நீலப் பொத்தானை அழுத்தினார்.

அலுவலகத்தில் என் போனும் சாருடைய போனும் ஒன்றாக அதிர்ந்தன. முதலில் சத்தம். கீழே அக்கா எழுதியிருந்தார்: "இந்த மாடல்ல கம்பி உள்ள விழுந்துடுச்சு. எந்த வழியா எடுக்கணும்? சொல்லுங்க பார்ப்போம்."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

முதலில் வந்தது லெவல் என்ற மெக்கானிக்கின் பதில். எந்தக் கோளாறுக்கும் மெஷின் சமதளமாக நிற்கவில்லை என்றே சொல்லும் ஆள் அவர். "மொதல்ல லெவல் பாருங்கக்கா."

"கம்பிக்கும் லெவலுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று தாடி வைத்த மெக்கானிக் எழுதினார். "பின்னாடி திறக்கணும்."

"இந்த மாடலுக்குப் பின்னாடி வழியே கிடையாது," என்றார் ஸ்டெபிலைசர். "டிரம் ஓட்டை வழியா கொறடு விட்டு இழுக்கலாம்."

"இழுத்தா டிரம் கீறிடும். பின்னாடிதான்," என்றார் தாடி.

சண்டை இப்படியே போய்க்கொண்டிருந்தது. நடுவில் அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது.

"என்ன, எல்லாரும் தூங்கிட்டீங்களா?"

ஆப் சட்டென்று அமைதியானது. எல்லாருக்கும் விளங்கிவிட்டது. எனக்கும். நான் சாரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, தட்டிக்கொண்டிருந்தார். பிழை வந்தால் அழித்துவிட்டு மறுபடி தட்டினார்.

"பின்னாடி தொடாதீங்க. பிளக்கைப் பிடுங்குங்க. தண்ணியை வடிங்க. கதவு ரப்பரை உள்ள தள்ளிட்டு முன் தகட்டைக் கழட்டினா, அடியில ஹீட்டர் இருக்கும். ஹீட்டரை எடுத்தா அந்த ஓட்டைல விரல் போகும்."

அனுப்பினார். ஒரு கணம் கழித்து ஸ்டெபிலைசர் கேட்டார்: "சார், நீங்களா?"

சார் போனைக் கவிழ்த்து வைத்தார். "இவனுங்க பின்னாடி பின்னாடின்னு அந்தம்மாவை ஒரு வழி பண்ணிடுவானுங்க," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். காது சிவந்திருந்தது.

கம்பி வந்துவிட்டது. அக்கா அதை வெற்றிச் சின்னம்போல உயர்த்திக் காட்ட, வீட்டுக்காரப் பெண் வெடுக்கென்று பிடுங்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாராம். எல்லாவற்றையும் திரும்பப் பூட்ட அக்காவுக்கு மாலையாகிவிட்டது. ஒரு திருகாணி மிச்சம் வந்தது. அது எந்த இடத்துடையது என்று தேடி, மறுபடி கழற்றி, மறுபடி பூட்டினார்.

மறுநாள் காலை சார் அக்காவைக் கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது.

"தனியா முடிக்கணும்னு சொல்லியிருந்தேன்."

"வீட்டுக்கு வேற யாரும் வரல சார்."

"கேட்டீங்களேம்மா."

"எங்க சார் கேட்டேன்? சொல்லுங்க பார்ப்போம்னேன். நீங்களும் சொன்னீங்க."

சார் மேஜையில் எதையோ தேடினார். அது கிடைக்காததுபோல இன்னும் கொஞ்ச நேரம் தேடினார். "டூல் பேக் தோள்ல மாட்டுறதா, கைல பிடிக்கிறதா? ஸ்டோர்ல ரெண்டும் இருக்கு."

"தோள்ல மாட்டுறது சார்."

இப்போது காலையில் அக்கா போன் அறையில் இருக்கிறார். மதியத்துக்கு மேல் வீடுகளுக்குப் போகிறார். புது வீட்டில் மெஷினைப் போட்டதும் போனில் பதிந்து, வெளியே போய்க் கேட்டுவிட்டு வருகிறார். கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள்ளேயே கேட்கப் பழகி வருவதாகச் சொல்கிறார்.

நான் ஆப்பில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். "கேள்வி கேளுங்கள்" இருந்த இடத்தில் "சொல்லுங்க பார்ப்போம்". அன்றே தாடி அதில் ஒரு மெஷின் சத்தத்தைப் பதிந்து போட்டார். இன்னும் இரண்டு பேர் போட்டார்கள். அதில் யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

நேற்று நானும் அந்தப் பொத்தானை அழுத்தினேன். வேகமாகச் சுற்றத் தொடங்குவதற்கு முன் மெஷின் ஏன் நின்று நின்று, முன்னும் பின்னுமாகத் திரும்பிப் பார்க்கிறது? சொல்லுங்க பார்ப்போம். சேர்ந்த நாளிலிருந்தே எனக்குள் இருந்த கேள்வி. அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். யாரும் பேசவில்லை. "என்ன, எல்லாரும்" வரை தட்டிவிட்டேன். அதற்குள் அக்காவின் பதில் வந்தது.

"நல்ல போட்டி தம்பி. கஷ்டமானதுதான். இருங்க, ஒவ்வொருத்தரும் என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

தட்டியதை அழித்துவிட்டேன்.