தாளிக்காத வீடு

எனக்கு வலி ஆரம்பித்தபோது என் மகளுக்கு நாலு வயது. இரண்டாம் உலக யுத்தம் இன்னும் முடியாத காலம். வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை வரை ஏறும். ஒரு கிருத்திகை அன்று நாலு பூரி சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். படுக்க முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஊர் டாக்டர், சென்னைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பித்தப்பையில கல்லு இருக்குதும்மா. அறுத்து எடுத்துடறது நல்லது. இப்ப அவசரம் இல்ல. ஆனா ஒரு கல்லு போய் வழிய அடைச்சா காமாலை வரும். அப்ப அறுக்கறது கஷ்டம்."

"அந்தப் பையை மட்டும் சுத்தம் பண்ண முடியாதா?" என்று கேட்டேன்.

"பையோடதான் எடுக்கணும்."

வீட்டில் என் கணவரின் அக்கா எங்களோடு இருந்தார். அவர்கள் வீட்டுத் தெலுங்கு வழக்கப்படி நான் அவரை வதினா என்று கூப்பிடுவேன். கேட்டதும் அவர் கொதித்துப்போனார். "சாமி வெச்ச உறுப்பு. வேணாம்னா வெச்சிருப்பாரா? ஒண்ணும் வேணாம். நான் காவடி வேண்டிக்கிறேன், கரைஞ்சுடும்." மறுநாளிலிருந்து தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன். வலி அதன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எதையும் இரண்டு தரம் யோசித்துப் பேசுகிறவர். என்ன செய்யலாம் என்று கேட்டபோது, "உடம்பு உன்னுது. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லா கைய கழுவிட்டீங்க" என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து, "ஞாயித்துக்கிழமை அம்மையார்குப்பம் போலாம் வா" என்று கூப்பிட்டார். அங்கே ஒரு நெசவாளிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஆபரேஷன் ஆகியிருந்ததாம். டாக்டரிடம் விசாரித்து வைத்திருக்கிறார். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடிய காலம். ஏற்றம் வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ளுவார்கள். அன்றும் இரண்டு இடத்தில் என் கணவர் இறங்கித் தள்ளி, வேர்த்து வழிய ஏறினார்.

நெசவாளி தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து வெளியே வந்தார். மேலே சட்டையில்லை. விலாவிலிருந்து சாய்வாக இறங்கிய தழும்பு, விரல் தடிமனுக்கு இருந்தது.

"நானும் ஒரு வருஷம் பயந்துகினுதாம்மா இருந்தேன்" என்றார். "அந்த வருஷம் பாதி நாளு தறில உக்காரவே இல்ல. இப்ப பொழுதுக்கும் உக்காந்துகினு கீறேன். ஒண்ணும் தெரியல."

அவர் மனைவி எங்களுக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். "ஒண்ணும் தெரியலயா?" என்று புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நான் சொல்றேன் கேளும்மா. மொத மூணு மாசம் சாப்ட்ட கையோட வெளிய ஓடுவாரு. எண்ண பட்டாலே ஆவாது. தழும்பு மழைக்கு இழுக்கும். அதெல்லாம் இருக்குது. ஆனா அந்த வலி திரும்பி வரல. அது நெசம்."

டாக்டர் சொன்னது, நெசவாளி சொன்னது எதுவும் என் மனதில் ஒட்டவில்லை. கெட்டதையும் சேர்த்துச் சொன்ன அந்த அம்மாவை நம்பினேன். திரும்பி வருகிற பஸ்ஸில், "செஞ்சுக்கறேங்க" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கொஞ்ச தூரம் போனபின், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "நான் சொல்லி நீ போய்ப் படுத்து, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா நான் எப்படி இருப்பேன்? அதான் சொல்லல." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சென்னை ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தேன். முகத்தில் மயக்க மருந்து மூடியை வைத்து ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார்கள். ஏழு வரை எண்ணியது ஞாபகம். விழித்தபோது தாகம் தாங்கவில்லை. தண்ணீர் கொடுக்கக் கூடாதென்று நர்சம்மா சொல்லியிருந்ததால், என் கணவர் ஈரத்துணியால் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தார். எடுத்த கற்களைச் சின்ன பாட்டிலில் போட்டுத் தந்தார்கள். சுண்டைக்காய் அளவில், பச்சையும் பழுப்புமாக இருந்தன. ஊருக்கு வந்ததும் என் மகள் அதைக் கிலுகிலுப்பைபோல் ஆட்டி விளையாடினாள். வதினா பிடுங்கிக் குப்பையில் எறிந்துவிட்டு, "கரையலன்னாலும் வெளிய வந்துச்சில்ல" என்று சொல்லி, அந்த ஆடியில் காவடி எடுத்து மலைக்கோயில் படியேறினார்.

அதன்பின் பல மாதங்களுக்கு எங்கள் வீட்டில் எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறவில்லை. எனக்குத் தனியாக, மற்றவர்களுக்குத் தனியாகச் சமைக்க வேண்டாம் என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எல்லாருக்கும் கஞ்சி, வேகவைத்த சுரைக்காய், தாளிக்காத ரசம். நான் எழுந்து நடமாடும் வரை ஆபீஸ் போகுமுன் அவரே சமைத்தார். உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. சாவு விழுந்த வீட்டில்தான் தாளிக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலிருந்து கடுகு வெடிக்கும் சத்தமே வராததைக் கவனித்த எதிர்வீட்டு அம்மா, வாசலில் நின்று தயங்கித் தயங்கி, "ஏம்மா, உங்க ஊட்ல எதுனா கெட்டது நடந்துச்சா?" என்று கேட்டார்.

நெசவாளி மனைவி சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. சாப்பிட்டதும் ஓடினேன். மழைநாளில் தழும்பு இழுத்தது. ஆனால் அந்த வலி வரவில்லை.

ஒருநாள் மாலை மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் மெல்ல நடந்துபோனேன். ரயிலடி டீக்கடையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்று போண்டா தின்றுகொண்டிருந்தார். "நைனா!" என்று கத்திக்கொண்டு மகள் ஓடினாள். திரும்பியவர் என் கணவர். வாய் நிறைய போண்டா. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தழும்பு வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் சிரித்தேன்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"ஆங்... வாரத்துக்கு ஒண்ணுதான்" என்றார். கடைக்காரர், "தினமும்தாம்மா" என்றார்.

மறுநாள் நானே அடுப்பேற்றி, அரை ஸ்பூன் நெய்யில் கடுகு போட்டு ரசம் தாளித்தேன். நான் ஒரு வாய் சாப்பிட, மூன்று பேரும் சாப்பிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நீங்க சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்றேன். வதினா முதலில் தட்டை இழுத்துக்கொண்டார்.