நகராத புள்ளி

கொரோனா காலத்தில் எனக்குச் சுகாதாரத் துறையில் தற்காலிக வேலை கிடைத்தது. கல்வராயன் மலையடிவாரக் கிராமங்களுக்கு அனுப்பும் முன் கள்ளக்குறிச்சியில் பயிற்சி. கம்ப்யூட்டர் திரையில் ஓர் ஊர். ஆட்கள் எல்லாம் பச்சைப் புள்ளிகள். சிவந்தால் நோய், சாம்பல் நிறமானால் சாவு. கூட்டம் எவ்வளவு, முகக்கவசம் எவ்வளவு என்று நாமே கூட்டிக் குறைத்து ஓட்டிப் பார்க்கலாம். நோய் யாருக்கு வரும் என்பது ஓட்டும் ஒவ்வொரு முறையும் மாறும்.

வீட்டோடு கிடக்கும் நகராத புள்ளிகளும் அதில் உண்டு. ஒன்றை என் அம்மா என்று வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு மூச்சு இழுப்பு நோய். அடையாளத்துக்கு நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் திரையில் அதன் பக்கத்தில் ஒட்டி, ஓடவிட்டேன். அம்மா சாம்பலானாள். எதையும் மாற்றாமல் மறுபடி ஓடவிட்டேன்; பிழைத்தாள். அப்பாடா என்றிருந்தது.

பயிற்சி கொடுத்த மேடம் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். "புதுசா வர்றவங்க எல்லாருமே இதான் பண்றாங்க. அவங்கவங்க வூட்டு ஆளு பொழைக்கிற வரைக்கும் ஓட்டிக்கினே இருக்கிறாங்க. ஒத்தைப் புள்ளிய வுட்டுட்டு மொத்தத்த பாரும்மா."

பார்த்தேன். கூட்டத்தைக் குறைக்காதவரை சாம்பல் புள்ளிகள் ஏறக்குறைய அதே அளவுதான். அம்மா பிழைத்தபோது வேறு யாரோ விழுந்திருந்தார்கள். அந்த யாரோவுக்கு நான் பொட்டு ஒட்டவில்லை. ஊருக்குத் திரும்பும் நைனார்பாளையம் பஸ்ஸில் நெருக்கியடித்து நின்றவர்களின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம் அது. தம்பி ஊர்க்காரர்களோடு லாரியில் போராட்டத்துக்குக் கிளம்பினான். தடுத்ததற்கு, "படிச்சிட்டு வேலையில்லாம கெடக்கிறேன். போவாம இன்னா பண்ண சொல்ற?" என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான்.

"போ. ஆனா திரும்பி வந்து வூட்டுக்குள்ள வராத, அம்மாவுக்கு ஆவாது. மோட்டார் கொட்டாயிலயே இரு" என்றேன். திரும்பி வந்தவன் சொன்னபடியே வயலில் பம்புசெட் கொட்டகையில் இருந்தான், இருமிக்கொண்டு.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "புள்ள தனியா கெடக்குது" என்று வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறியிருக்கிறார். எனக்குத் தெரியவந்தபோது அவருக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. அவர் பிழைக்கவில்லை.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொய் சொல்வானேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டது எனக்கே பயமாகவும் இருந்தது.

சாவு வீட்டில் பெரியம்மாவின் மகள் தள்ளி நின்று அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கேட்டாள்: "அம்மா நல்லா இருக்காங்களாக்கா? வெளிய வுடாத, ஜாக்கிரதையா பாத்துக்க."

நெற்றிப் பொட்டை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டு, "நல்லா இருக்காங்க" என்றேன்.