சுங்காய் லயத்தில் முழங்காலுக்குப் போட்ட கட்டு

சுங்காய்க்கு வெந்நீர் ஊற்று பார்க்கப் போகிறவர்கள், "அங்கே மூட்டுக்குக் கட்டுப் போடுகிறவர் இருந்தாராமே" என்று என்னிடம் கேட்கிறார்கள். இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அவரிடம் போனேன்.

அப்போது ஈப்போவில் ஒரு கம்பெனி அணிக்குக் கால்பந்து விளையாடினேன். வேலை கிடைத்ததே அதனால்தான். ஓர் ஆட்டத்தில் வலது முழங்கால் திருகிக்கொண்டது. எலும்பு சரி, ஜவ்வுதான் கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தாலும் பழையபடி ஓடுவது சந்தேகம் என்றார் டாக்டர். பயந்துபோய் பஸ் ஏறினேன்.

கம்பார், தாப்பா, பீடோர் வழியாக ஐம்பது மைல், இரண்டு மணி நேரம். சுங்காயில் டாக்சிக்கு மூன்று ரிங்கிட். ரப்பர் தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மூடின எஸ்டேட்லா தம்பி. ஒரு வீட்டுல மட்டும்தான் புகை வரும். நான் ரோட்டுலயே நிக்கிறேன்."

தொழிலாளர் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசை வீடுகள், கதவுகளின்றிக் கிடந்தது. கடைசி வீட்டில் பால் வெட்டுக்காரர் அந்தோணி அண்ணனும் மனைவியும் மட்டும். அண்ணன் எண்ணெய் தடவி நீவினார், மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். பிறகு ஒரு சேவலைப் பிடித்து அதன் வலது காலை ஒடித்தார். வெளியே வெயிலில் ரப்பர் காய்கள் வெடித்துக்கொண்டிருந்தன. அதே சத்தம். சேவலுக்கும் அதே கட்டு.

"அது நடந்தா நீங்களும் நடப்பீங்க."

சில வாரம் கழித்து ஒரு காலையில் குளியலறைக்குப் போய் நின்ற பிறகுதான், ஊன்றுகோல் கட்டிலோரமே இருப்பது உறைத்தது. சீக்கிரமே ஓடவும் செய்தேன்.

நன்றி சொல்லப் போனேன். அண்ணன் பலகையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது முழங்காலில் மூங்கில் பத்தை.

"நீங்க வந்துட்டுப் போன ராத்திரியே மூசாங் பூனை சேவலைத் தூக்கிருச்சு," என்றார் அவர் மனைவி. "விடிஞ்சா இவரால எந்திரிக்க முடியல."

"எப்பவாச்சும் இப்படி ஆகும்லா," என்றார் அண்ணன். "தம்பி விளையாடுறீங்கதானே?"

நான் வந்த டாக்சியிலேயே அவரை ஈப்போவுக்கு அழைத்து வந்தேன். என் டாக்டர் முழங்காலை அசைத்துப் பார்த்தார்.

"உனக்குக் கிழிந்த அதே இடம். எங்கே விழுந்தார்?"

"விழவில்லை, டாக்டர்."

ஆபரேஷன் வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் தசைப்பயிற்சி கொடுத்தார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: லயம் இப்போது இல்லை, எண்ணெய்ப்பனைதான். முழங்காலில் அடிபட்டால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். பயிற்சியிலேயே பலருக்குச் சரியாகிவிடுகிறது, பொறுமைதான் வேண்டும்.

அண்ணன் கம்பியைப் பிடித்து முதல் அடி வைத்த அன்று பக்கத்தில் நின்றேன். என் கால் வலிக்கும் என்று காத்திருந்தேன். வலிக்கவில்லை.