ஏற்கெனவே உள்ளே ஒருத்தி

டும்...

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அரண்மனைப் பக்கம் பீரங்கி. தசரா ஊர்வலம் புறப்பட்டுவிட்டது. மைசூரே அங்கே திரண்டிருக்க, மகளிர் விடுதியின் மூன்றாம் மாடியில் நிர்மலா மட்டும் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இது போன வருடம் நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், நடந்தது நடந்ததுதான்.

தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்து வேலைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அறைத்தோழிகள் ஊருக்குப் போய்விட்டார்கள். காலையிலிருந்து அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மணிக்குள் வேலையை முடித்து அனுப்ப வேண்டும். தவறினால் வேலை நிரந்தரமாகாது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஏது தசரா?

ஆனால் ஆபீஸ் சர்வருக்குள் நுழைய முடியவில்லை. பாஸ்வேர்டை வாங்கிக்கொள்கிறது. திரை ஒரு நொடி கறுக்கிறது. உடனே வெளியே தள்ளிவிடுகிறது. மறுபடியும் அதேதான்.

வேறு வழியாக, வெறும் எழுத்துத் திரையில் மட்டும் உள்ளே போக முடிந்தது. யார் யார் லாகின் ஆகியிருக்கிறார்கள் என்று பார்த்தாள். ஒரே ஒரு பெயர்.

நிர்மலா.

வெளியிலிருந்து அல்ல. சர்வர் அறையிலேயே, அதன் கீபோர்டில். அந்த லினக்ஸ் சர்வர் ஒரே பெயருக்கு இரண்டு திரை தராது. அதனால்தான் இவளை விரட்டுகிறது.

வாட்ச்மேன் தொட்டையனுக்குப் போன் போட்டாள். அவள் ஊர்ப்பக்கத்துக் கோபிநத்தத்துக்காரர். ஆபீஸில் அவளோடு தமிழ் பேசும் ஒரே ஆள்.

"அண்ணா, மேல சர்வர் ரூம்ல யாராச்சும் இருக்காங்களா?"

"யாருமில்லீங்க அம்மணி. நேத்து ஆயுத பூஜை முடிஞ்சு பூட்டுனதுதான். ஊரே யானை பாக்கப் போயிருக்குது, உங்களுக்கு இன்னைக்கும் கம்ப்யூட்டர்தானா?"

"ஒருக்கா பாத்துச் சொல்லுங்கண்ணா."

படியேறும் சத்தம். சாவிக்கொத்து. கதவு கிறீச்சிட்டது...

"லைட்டு எரியுதுங்க." அவர் குரல் தாழ்ந்தது. "ஒரு புள்ள உக்காந்திருக்குது. முதுகுதான் தெரியுது."

"யாருண்ணா?"

"கூப்டேன். திரும்பல."

மணி 5.41.

யாராயிருந்தால் என்ன... அந்த லாகினைத் துண்டிக்கும் கட்டளையை அடித்தாள்.

என்டர்.

போனில்... தொப்.

இங்கே திரை திறந்தது.

"அண்ணா?"

அவர் ஓடும் காலடிச் சத்தம்...

"என்னாச்சுண்ணா?"

"நிர்மலா அம்மணி விழுந்து கெடக்குதுங்க... ஒடம்பு சில்லுன்னு இருக்குது. அப்போ அவுங்க போன்லருந்து பேசறது... நீங்க யாருங்க?"