ஒன்பது நாள் என் பையில் கிடந்த கடிதம்

போன வருடம் கார்த்திகை மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், என் மகள் ரெபேக்காவுக்கு ஒரு கடிதம் வரவேண்டும் என்று நீங்கள் எல்லோரும் முழங்காலில் நின்று ஜெபித்தீர்கள். செல்வி அக்கா அழுதே விட்டார். அந்தக் கடிதம் அந்த நேரம் எங்கே இருந்தது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். என் முழங்காலுக்குப் பக்கத்தில், என் பைக்குள் இருந்தது. "ஆமென்" என்று எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னவனும் நான்தான்.

இதை எழுத எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்லவேண்டுமென்றால் நான் செய்ததை முதலில் சொல்லியாக வேண்டும்.

ஞானமுத்து என்றால் சிரிப்புக்காரன் என்று உங்களுக்குத் தெரியும். தோட்டத்துத் தபால்காரன் வேலை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. எல்லாருடைய கடிதமும் தோட்டத்தின் பெயருக்குத்தான் வரும். நோர்வூட் டவுனிலிருந்து எடுத்து வந்து, பெயரைப் பார்த்து வீடு வீடாகக் கொடுப்பது நான். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கடிதம் தவறியதில்லை என்று, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் மார் தட்டிக்கொள்வேன்.

என் மனைவி எஸ்தர் தேயிலைக் கொழுந்து பறித்தவள். அவளுக்கு எழுத வராது. கைப்பேசியில் குரல் பதிவுதான் அனுப்புவாள். தினமும் மதியம் ஒரே கேள்வி.

"ஏங்க, நம்ம வீட்டுக்கு ஏதும் இருக்கா இன்னைக்கி?"

அவளுக்கு யாரும் எழுதியதே இல்லை. அது தெரிந்துதான் கேட்பாள். "அரண்மனையிலருந்து ராணியம்மா எழுதியிருந்தாங்க. முத்திர பத்தலன்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்" என்பேன். அடுத்த பதிவில் அவள் சிரிப்பு மட்டும் வரும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் எட்டாம் நம்பர் மலையில் குளவிக்கூடு கலைந்தது. மற்றப் பெண்கள் ஓடித் தப்பினார்கள். எஸ்தர் வாய்க்காலில் கால் இடறி விழுந்தாள். எழும்பவில்லை. நான் அப்போது மேல் ரோட்டில் ஒரு வீட்டு வாசலில் தேநீர் குடித்தபடி கதை அளந்துகொண்டிருந்தேன். கீழே கூச்சல் கேட்டது. யாரோ பாம்பைக் கண்டிருப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே பயம். ரெபேக்கா என் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கவேண்டும். தோட்டப் பாடசாலையில் டீச்சராகிவிட்டால் போதும். நான் கடிதம் கொடுக்கப் போகும் வழியில் ஜன்னலால் எட்டிப் பார்த்துக்கொள்வேன்.

அவளோ உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று படிப்புகளை எழுதி, முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். முதலாவது, கொழும்புக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் வடிவமைப்புப் பட்டம். இரண்டாவது, கிழக்கு மாகாணத்தில், காட்சிக் கலையும் தொழில்நுட்பமும் சேர்ந்த பட்டம். மூன்றாவது, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம். அதன் கட்டணத்தைக் கேட்டுவிட்டு அவளே கோடு போட்டு வெட்டிவிட்டாள்.

"இதெல்லாம் என்ன படிப்பு புள்ள?" என்று கேட்டேன்.

"பாக்க வர்றவங்க சும்மா பாத்துட்டுப் போகக் கூடாதுப்பா. அவங்க தொட்டா, பேசுனா, கிட்ட நடந்து வந்தா, நாம செஞ்சது பதில் சொல்லணும். அப்படிச் செய்யப் படிக்கிறது. வரையவும் தெரியணும், கம்ப்யூட்டரும் தெரியணும்."

"பதில் சொல்லத்தான் வீட்டுல ஒரு ஆள் சும்மா இருக்கேனே. அதுக்கு நாலு வருசம் படிக்கணுமா?"

"நீங்க கேக்காமலே பதில் சொல்லுவீங்கப்பா. அதுதான் பிரச்சினையே."

இந்தப் படிப்புகளுக்குப் பெறுபேறு மட்டும் போதாது. உளச்சார்புப் பரீட்சை என்று, திறமையைச் சோதிக்கத் தனியாக ஒன்று எழுதவேண்டும். இரண்டு இடத்துக்கும் விண்ணப்பித்தாள். பரீட்சை என்றைக்கு என்பதை அனுமதி அட்டையோடு தபாலில் அறிவிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். தபால் என்றால் யார்? நான்தான்.

முதல் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. நீள உறை. மேலே பல்கலைக்கழகத்தின் பெயர். கீழே என் மகளின் பெயர். பஸ்ஸில் முதலில் அதை மற்றக் கடிதங்களுக்கு நடுவில் வைத்தேன். பிறகு மழைக்கோட்டுக்குள் வைத்தேன். பிறகு பையின் அடியில் வைத்து, பைமேல் நானே உட்கார்ந்துகொண்டேன். பக்கத்திலிருந்தவர் முட்டையா என்று கேட்டார். ஆமாம், குஞ்சு பொரிக்க வைக்கிறேன் என்று சொன்னேன். பயத்திலும் வாய் மட்டும் நிற்காது எனக்கு.

நான் அதைத் திறக்கவில்லை. பிறர் கடிதத்தைத் திறப்பது பாவம் அல்லவா? ஒளித்து வைப்பது பாவம் என்று மட்டும் தோன்றவில்லை. என் மனச்சாட்சிக்கு அவ்வளவு நுணுக்கம்.

"அப்பா, வந்துச்சா?"

"இல்லம்மா. தபால் வண்டிக்கி மழையில சளி புடிச்சிருச்சாம்."

சிரித்தாள். அது அவள் அம்மாவின் சிரிப்பு. அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள்தான் அந்த ஜெபக்கூட்டம். அவளே எழுந்து நின்று, கடிதம் வர ஜெபியுங்கள் என்று உங்களிடம் கேட்டாள். "ஆண்டவரே, அந்தக் கடிதம் எங்க தடைபட்டுக் கெடந்தாலும் நீர் அதக் கொண்டுவந்து சேரும்" என்று செல்வி அக்கா ஜெபித்தபோது, பைக்குள் கையை விட்டு அது அசையாமல் பிடித்துக்கொண்டேன். தானே எழும்பி வெளியே வந்துவிடுமோ என்று நிஜமாகவே பயந்தேன். சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் மலைப்பாதையில் நடந்துகொண்டே நானும் ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் செய்யிறது சரியா, தப்பா? ஒரு வார்த்தை சொல்லும். சொல்லிட்டா கொடுத்துர்றேன்." ஏழு நாளும் பதில் இல்லை. பதில் இல்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வசதியான விளக்கம்.

ஒன்பதாம் நாள், அடுத்த புதன்கிழமை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் மேசைமேல் எங்கள் லயம் நிற்கிறது. அட்டையில் வெட்டிச் செய்த பன்னிரண்டு வீடு. தகரக் கூரைக்கு வர்ணம், ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு நம்பர். கதவுகள் மட்டும் தேயிலை மூட்டைக்குள் வரும் வெள்ளித்தாள். பின்னால் வயர்களும், அவள் படித்த பாடசாலையில் இரவல் வாங்கிய சின்னச் சர்க்கிட் பலகையும்.

"பரீட்சைக்குக் கொண்டு போகச் செஞ்சேன்பா. நமக்குத்தான் வெலாசம் இல்லையே. கதவத் தொடுங்க, யார் வீடுன்னு அதுவே சொல்லும்."

முதல் கதவைத் தொட்டேன். பக்கத்து வீட்டுத் தாத்தா இருமிவிட்டுத் தன் பெயரைச் சொன்னார். அடுத்ததில் ஒரு கைக்குழந்தை அழுதது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போய், ஏழாம் நம்பரில் விரலை வைத்தேன். எங்கள் வீடு.

"ஏங்க, நம்ம வீட்டுக்கு ஏதும் இருக்கா இன்னைக்கி?"

எஸ்தர். என் பழைய கைப்பேசியிலிருந்து ரெபேக்கா அதை எடுத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. என் தோளில் பை தொங்கிக்கொண்டிருந்தது. ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்டேனே, இதோ காதில் கேட்டுவிட்டது. பையைத் திறந்து கடிதத்தை எடுத்து ரெபேக்காவிடம் நீட்டினேன்.

அவள் முதலில் உறையைப் பார்த்தாள். தபால் முத்திரையில் இருந்த தேதியைப் பார்த்தாள். பிறகு பிரித்து வாசித்தாள்.

"பரீட்ச போன சனிக்கெழம முடிஞ்சிருச்சுப்பா."

நான்கு நாளுக்கு முன்னால். அந்தச் சனிக்கிழமை காலையில்தான் நான் அவளுக்கு ஹட்டனிலிருந்து கேக் வாங்கிக் கொடுத்து, கவலைப்படாதே என்று தேற்றியிருந்தேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"நீ தூரம் போயிருவேன்னு பயந்துட்டேன் பாப்பா. ஒனக்கும் ஏதாச்சும் ஆயிருமோன்னு..."

"அம்மா தூரத்துலயாப்பா இருந்தாங்க? எட்டாம் நம்பர் மலையிலதானே இருந்தாங்க. நீங்க கூப்புடு தூரத்துலதானே நின்னீங்க."

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. தட்டில் சோறு இருக்கும். தண்ணீர் இருக்கும். சத்தம் இருக்காது. நான் நாயிடம் பேசினேன், தேநீர்க் கேத்தலிடம் பேசினேன். ஊரையே சிரிக்க வைத்த எனக்கு அந்த வீட்டில் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. அந்த அட்டை லயத்தை அவள் துணி போட்டு மூடிவிட்டாள்.

போதகர் ஐயாவிடம் போய் அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. ஜெபிச்சவங்ககிட்ட எப்ப சொல்லப் போறீங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் இந்த ஒரு வருடம்.

அந்த நாட்களில்தான் என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் ஜெபித்தேன். அவள் போகக்கூடாது என்று கேட்கவில்லை. இரண்டாவது கடிதம் வரவேண்டும் என்று கேட்கவும் எனக்கு முகமில்லை. "கர்த்தாவே, என் புள்ள என்கிட்ட ஒரு வார்த்த பேசணும். எங்க போனாலும் போகட்டும்." அவ்வளவுதான்.

பன்னிரண்டாம் நாள் காலை, வாசலில் இறங்கும்போது பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"மழ வருது. கொடய எடுத்துட்டுப் போங்க."

அதில் 'அப்பா' என்ற சொல் இல்லை. இருந்தாலும் நான் குடையைப் பிடித்துக்கொண்டு பாதை முழுக்க அழுதேன். மழை அதுவரை தொடங்கவே இல்லை. எதிரில் வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

அன்றைக்கே அந்தக் கடிதம் வந்தது. கிழக்கிலிருந்து. நான் மற்ற வீடுகளுக்குப் போகவில்லை, நேரே ஓடினேன். மேல் ரோட்டில் நின்று "ரெபேக்கா! வந்துருச்சு! நம்ம வீட்டுக்குத்தான்!" என்று கத்தினேன். லயமே வெளியில் வந்துவிட்டது. வழுக்கி விழுந்து, கடிதத்தை மட்டும் மேலே தூக்கிப் பிடித்தபடி சேற்றில் சறுக்கி வாசலுக்கு வந்து சேர்ந்தேன். அவள் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கிக்கொண்டு, "எழும்புங்கப்பா" என்றாள்.

பரீட்சை நாளில் அட்டை லயத்தைப் பஸ்ஸில் மடியில் வைத்து நானே கொண்டு போனேன். பரீட்சை முடிகிற வரை வெளியே ஒரு மரத்தடியில் நின்றேன். அவளுக்கு இடம் கிடைத்தது.

ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். அவள் முதலாவதாக எழுதி ஒட்டிய படிப்பு போனது போனதுதான். கர்த்தர் அதைத் திருப்பித் தரவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் அந்தக் காலண்டர் தாள் இன்னும் இருக்கிறது. சவரம் செய்யும்போதெல்லாம் பார்க்கிறேன். மன்னிப்புக் கிடைத்தது, அந்தச் சனிக்கிழமை கிடைக்கவில்லை.

பிரியமானவர்களே, அன்றைக்கு நீங்கள் செய்த ஜெபம் வீண் போகவில்லை. தடைபட்டுக் கிடந்த கடிதத்தை நீங்கள் கேட்டபடியே ஆண்டவர் கொண்டுவந்து சேர்த்தார். தடையாகக் கிடந்தது நான். உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், செல்வி அக்காவிடம் இரண்டு தடவை. எதையாவது பைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு அதற்காகவே ஜெபிக்கிறவர் உங்களில் இருந்தால், தயவுசெய்து பையைத் திறந்துவிடுங்கள். ஆண்டவர் பதில் சொல்வார். யாருடைய குரலில் சொல்வார் என்பது மட்டும் நமக்குத் தெரியாது.

ரெபேக்கா போகும்போது அட்டை லயத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். தினமும் கைப்பேசியில் பேசுகிறாள். இருந்தும் போன மாதம் தபாலில் ஒரு கடிதம் போட்டிருந்தாள். தோட்டத்தின் பெயருக்குக் கீழே ஏழாம் நம்பர் வீடு என்று எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே முதல் பெயராக அவள் அம்மாவின் பெயரை எழுதியிருந்தாள்.

அன்றைக்கு எல்லா வீட்டுக்கும் கொடுத்து முடித்துவிட்டுக் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தேன். வெள்ளித்தாள் கதவில் விரலை வைத்தேன்.

"ஏங்க, நம்ம வீட்டுக்கு ஏதும் இருக்கா இன்னைக்கி?"

"இருக்கு எஸ்தர்" என்றேன்.