சீர்ப் பாத்திரங்களை உங்கள் அம்மா அடுக்கிய விதம்

பிள்ளைகளே, போன வாரம் கம்ப்யூட்டரில் ஒரே பட்டியலைப் பெயர் வாரியாகவும் வயது வாரியாகவும் மாற்றி மாற்றி அடுக்கிக் காட்டினீர்கள். எந்த விவரத்தை வைத்து அடுக்குவது என்று சரியாகச் சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம் என்றீர்கள். எனக்கு விழுப்புரத்தில் உங்கள் அம்மா பாத்திரம் அடுக்கியது ஞாபகம் வந்தது.

அறுபதுகளின் தொடக்கம். ஆவணியில் உங்கள் சின்ன அத்தை கல்யாணம். அப்போதெல்லாம் கல்யாணச் சமையலுக்கு அண்டா, தவலை, குண்டான் எல்லாம் வீடு வீடாக இரவல் வாங்குவோம். எதிர்வீட்டு அம்மாள், மகளுக்கென்று வைத்திருந்த சீர்ப் பாத்திரங்களையே கொடுத்திருந்தார். அந்தப் பெண் ஆடிக்குத் தாய்வீடு வந்தவள். கல்யாணத்துக்கு மறுநாள் சாயந்திர ரயிலில் அந்தப் பாத்திரங்களோடு திண்டிவனம் போக வேண்டும். ஒன்று குறைந்தாலும் மாமியார் சும்மா விடமாட்டாள்.

மறுநாள் மத்தியானம், துலக்கிய பாத்திரங்கள் தோட்டம் முழுக்கக் கவிழ்ந்து கிடந்தன. உங்கள் பெரிய அத்தையின் வீட்டுக்காரர், "வெட்டியிருக்கிற பேரப் பாத்துப் பிரிச்சா ஆச்சு" என்று, அந்தப் பெண்ணின் அப்பா பேர் இருந்தவற்றை மட்டும் எடுத்துப்போய்க் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் அவள் அழுதுகொண்டே வந்தாள். "பாதிகூட இல்லக்கா. எங்க மாமியா கேட்டா இன்னா சொல்லுவேன்?"

"அழாத. உனக்குச் சீரு யார் யார் வெச்சாங்க, அதச் சொல்லு" என்றாள் உங்கள் அம்மா.

"அப்பா, ரெண்டு மாமனுங்க, அம்மாவப் பெத்த தாத்தா."

கொடுத்தவர் பேரைத்தான் வெட்டுவார்கள். இப்போது அது யாருடைய பாத்திரம் என்று அதில் இருக்காது. அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் உங்கள் அம்மா உடனே பிரிக்கவில்லை. கொடுத்தனுப்பியதையும் திரும்ப எடுத்துவரச் சொல்லி, எல்லாப் பாத்திரத்தையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசை வைத்தாள். அத்தை வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை.

"ரயிலுக்கு நேரமாவுது, இந்தம்மா கொலு வெச்சுக்கினு இருக்குது!"

"சுண்டல் கடைசியில தர்றேண்ணா. ஜல்தியா அந்த அண்டாவ இப்படி உருட்டுங்க."

பிறகு பெரிய பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பேரைப் பார்த்து, வீட்டுக்கு ஓர் இடமாக வைத்தாள். அந்த நாலு பேர்களில் எது இருந்தாலும் அந்தப் பெண்ணின் பக்கம் போயிற்று. எந்த வீட்டுக் குவியலைப் பார்த்தாலும் பெரியதும் சிறியதும் தானாகவே வரிசையில் நின்றன. திரும்ப அடுக்கவே வேண்டியதில்லை. ஒன்றுக்குள் ஒன்று போட்டு, அவள் சீர் மொத்தமும் இரண்டு சாக்கில் அடங்கிவிட்டது. நான் அசந்து நின்றேன்.

அந்தப் பெண் எல்லாம் சரியாக இருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை வீட்டுக்காரர், "சுண்டல் எங்கம்மா?" என்றார்.

சாக்குகளை வண்டியிலேற்றி, அவளை ரயிலில் உட்காரவைத்துத் திரும்பினேன். வீட்டில் எல்லாரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். உங்கள் அம்மா சீராகக் கொண்டுவந்த பித்தளைச் சொம்பை எடுத்துப் பார்த்தேன். அதில் அவள் அப்பா பேர் மட்டும்தான் இருந்தது. கிணற்றடிக்குப் போய், ஆணியும் கல்லும் வைத்துத் தட்டித் தட்டி, பக்கத்தில் அவள் பேரை வெட்டினேன். கோணலாகத்தான் வந்தது.