கண்ணாடி அறைக்குள் ஒரு போர்டு

காலை ஒன்பது பத்து. மாடிப்படி ஏறி முடித்ததும் முதலில் கண்ணில் பட்டது பூட்டு. கண்ணாடிக் கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டு. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அதன்மேல் காய்ந்து வெடித்திருந்தது. கதவுக்கு அப்பால் குளிரூட்டிய அறை, நடுவில் வெள்ளை விரிப்புப் போட்ட மேஜை, அதன்மேல் ஒரு பச்சை நிறச் சர்க்யூட் போர்டு. போர்டில் பொட்டு வைக்க இடமில்லாததால் அதை மூடும் அலுமினியப் பெட்டிக்கு வைத்திருந்தார்கள்.

அன்று அந்தப் பூட்டைத் திறக்கப்போகிறார்கள். வேலை செய்ய வேண்டிய எங்கள் இருவருக்காக அதற்குமுன் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கீழ்த்தளத்தில் பம்பு பாகங்கள் கடையும் பட்டறை, மேல்தளத்தில் எங்கள் கம்பெனி. கீழே லேத் ஓடினால் மேலே டம்ளரில் டீ நடுங்கும். நான் ஒரு நாளிதழில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே சோதனைப் பிரிவுக்கு வந்தேன். அங்கே அடுத்தவர் எழுதியதில் தவறு தேடினேன், இங்கேயும் அதுதான் வேலை.

நான் தவறு தேட வேண்டிய கம்ப்யூட்டர் நிரலை எழுதியவள் ஆவடியிலிருந்து வந்தாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், இன்ஜினீயரிங் படித்தவள். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். இவள் பிறந்து வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். மேலாளரிடம் ஒரு தமிழ் பேசுவாள், என்னிடம் வேறு தமிழ்.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று புதிய பிராசஸர் செய்திருந்தது. சி என்ற கம்ப்யூட்டர் மொழியின் அடிப்படை நூலகம், எல்லா நிரல்களும் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கட்டளைத் தொகுப்பு, அதில் ஓட வேண்டும். நூலகத்தின் பெரும்பகுதியை வேறொரு குழு மாற்றிக் கொடுத்துவிட்டது. எங்களிடம் வந்தது டைனமிக் லிங்கர். ஒரு நிரல் ஓடத் தொடங்கும்போது, அதற்கு வேண்டிய பொது வேலைகள் நூலகத்தில் எங்கே இருக்கின்றன என்று தேடி, அந்த முகவரிகளைப் பொருத்திக் கொடுக்கும் சிறு நிரல் அது. அது விழுந்தால் அதன்மேல் நிற்கும் எல்லாமே விழும். ஒவ்வொரு பிராசஸருக்கும் அதைப் பாதி புதிதாக எழுத வேண்டும். அந்தப் பாதியை அவள் எழுதினாள்.

பிராசஸர் பொருத்திய போர்டு செப்டம்பரில் வந்தது, ஒன்றே ஒன்று. மேலாளர் அதைக் கண்ணாடி அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தன் பேண்ட் பையில் போட்டுக்கொண்டார். பார்வையாளர் வந்தால் திறப்பார். வங்கிக்காரர் பார்த்தார், மேலாளரின் மைத்துனர் பார்த்தார், அவருடைய குழந்தைகளும் பார்த்தார்கள். எங்களுக்குச் சிமுலேட்டர். அதாவது அந்தப் பிராசஸர்போல நடிக்கும் ஒரு நிரல், எங்கள் சாதாரணக் கம்ப்யூட்டரில்.

அவள் மேலாளரிடம் போய்க் கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"சார், ஒரு தடவை நிஜ போர்டுல ஓட்டிப் பார்த்துடறேன்."

"சிமுலேட்டர்ல ஓடுதில்ல?"

"ஓடுது சார். ஆனா சிமுலேட்டர்ல எல்லாமே அப்படியே இருக்காது. நிஜ பிராசஸர் தனக்குப் பக்கத்துலயே கொஞ்சம் நினைவகம் வச்சிருக்கும். அது இதுல கிடையாது."

"இங்க பாரும்மா. ஷோரூம்ல நிக்கற வண்டிய யாராவது பட்டறைக்கு ஓட்டிட்டுப் போவாங்களா? ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

மறு வாரமும் கேட்டாள். "உனக்கு உன் வேலைமேல நம்பிக்கை இல்லையா?" என்றார். ஆயுத பூஜைக்குப் பிறகும் கேட்டாள். "பொட்டு வச்சிருக்கு, நல்லபடியா ஓடும் போ," என்று சிரித்தார். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அதற்குள் அந்த அறைக்குப் பெயரே வைத்துவிட்டார். "இன்னா மேடம், சாமி ரூம் இன்னும் தொறக்கலியா? ஒரு தேங்கா ஒடச்சிப் பாருங்களேன்."

அவளுக்கு அவசரம் இருந்தது. டிசம்பரோடு தகுதிகாண் காலம் முடிகிறது. ஜனவரி கடைசியில் அப்பாவுக்கு ஓய்வு, பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முத்தாபுதுப்பேட்டையில் வாங்கிப் போட்ட மனையில் சுவரும் கூரையும் எழும்பியிருந்தன. பூச்சு, ஜன்னல், ஒயரிங் எதுவும் இல்லை. அவள் வேலை நிரந்தரம் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் மீதிக்குக் கடன் தருவதாக வங்கி சொல்லியிருந்தது. நவம்பரில் அந்த வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து வருபவர்கள் முன்னால் லிங்கர் ஓடினால் அந்தக் கடிதம் கிடைக்கும் என்று மேலாளர் வாயாலேயே சொன்னார்.

அந்த நவம்பர் காலைதான் நான் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெளியே மழை. தொழிற்பேட்டைச் சாலையில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. வந்தவர்கள் இருவர். ஒருவர் பேசினார், மற்றவர் எழுதிக்கொண்டார். மேலாளர் செருப்பைக் கழற்றினார். அவர்களும் திகைத்துப்போய் ஷூவைக் கழற்றினார்கள். அவர்கள் நனைந்த சாக்ஸோடும் நாங்கள் வெறுங்காலோடும் அந்தப் போர்டைச் சுற்றி நின்றோம்.

முதல் நிரல் ஒரு வரியைத் திரையில் காட்டி முடிந்தது. மேலாளர் கைதட்டினார். இரண்டாவது நிரல் கொஞ்சம் பெரியது. ஒரு வரி வந்தது, இரண்டாவது வரி வரவில்லை, நிரல் செத்தது. மறுபடி ஓட்டினாள், அதே இடத்தில் செத்தது.

மேலாளர் பதறவில்லை. அதை நான் மறக்கவில்லை. விருந்தாளிகள் பக்கம் திரும்பி, இந்தப் பெண் புதுசு, எங்கேயோ அவசரப்பட்டிருக்கிறாள் என்று நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்.

பேசுகிறவர் அதைக் காதில் வாங்கவில்லை. போர்டில் எவ்வளவு நாளாக ஓட்டிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார்.

"தினமும்," என்றார் மேலாளர்.

பேசுகிறவர் அவளைப் பார்த்தார். மேலாளரும் அவளைப் பார்த்தார். அவள் என்ன யோசித்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் கட்டைவிரல் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தது.

"இன்றைக்குத்தான் முதல் முறை," என்றாள் ஆங்கிலத்தில். "இந்த அறைக்குள் வருவதே இன்றைக்குத்தான்."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்தினார். பேசுகிறவர் மேலாளரிடம், எங்களுக்கு டீ வாங்கிக் கொடுங்கள், இவர்களைப் போர்டோடு விட்டுவிடுங்கள் என்றார். மேலாளர் போகும்போது சாவியை எடுத்துக்கொண்டே போனார், கதவு திறந்திருந்தும்.

நாங்கள் உட்கார்ந்தோம். நிரலை ஒவ்வொரு கட்டளையாக நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் கடைசிவரை ஒழுங்காக ஓடியது. நிறுத்தாமல் விட்டால் இரண்டாவது வரியில் செத்தது. அப்படி மூன்றாவது முறை நடந்ததும் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளினாள்.

"தெரிஞ்சிடுச்சிக்கா. நான் அப்பவே சொன்னதுதான்."

ஒரு வேலையை நிரல் முதல்முறை கேட்கும்போது லிங்கர் அதன் முகவரியைத் தேடி, அந்த இடத்திலிருந்த கட்டளைகளின்மேல் புதிய முகவரியை எழுதுகிறது. அடுத்த முறை தேடவேண்டாம், நேராகப் போகலாம். முகவரி இரண்டு பாதியாக, அடுத்தடுத்த இரண்டு கட்டளைகளில் இருக்கும். நிஜப் பிராசஸரோ, சற்றுமுன் படித்த கட்டளைகளின் நகலைத் தன் பக்கத்து நினைவகத்திலேயே வைத்திருக்கிறது. அந்த நகலைத் தூக்கிப் போடு என்று தனியாகச் சொன்னால்தான் புதியதைப் படிக்கும். சொல்லாததால் பழைய பாதியும் புதிய பாதியும் ஒட்டிக்கொண்டு, எங்கேயும் இல்லாத ஒரு முகவரிக்குத் தாவியது. நாங்கள் நிறுத்தி ஓட்டியபோது, அந்த நிறுத்தமே நகலைக் கலைத்துவிட்டது.

எனக்கு இது பழகிய தவறு. நாளிதழில் பக்கத்தைத் திருத்திவிடுவார்கள், அச்சு மெஷினில் பழைய பக்கத்தின் பிளேட்டே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அங்கே மெஷின் அறைக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. ஓடிப்போய் நிறுத்தச் சொல்லலாம்.

சேர்க்க வேண்டியிருந்தது ஒருசில கட்டளைகள். மதியச் சாப்பாட்டுக்குமுன் இரண்டாவது நிரல் ஓடியது. சாப்பிட்ட பிறகு வந்தவர்கள் கொண்டுவந்திருந்த பெரிய நிரல்கள் எல்லாம் ஓடின. செப்டம்பரில் ஒரு காலைப்பொழுது அந்தக் கதவைத் திறந்துவிட்டிருந்தால் அப்போதே ஓடியிருக்கும். பேசுகிறவர் அவளிடம் கை கொடுத்தார். மேலாளரிடமும் கொடுத்தார்.

மாலை பட்டரவாக்கத்தில் ரயில் ஏறினோம். உட்கார இடம் கிடைத்தது.

"இன்னாக்கா மூஞ்சிய இப்புடி வச்சினுகீற? அதான் ஓடிச்சில்ல."

"நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டி."

"எதுக்கு? தினமும் ஓட்டிப் பாத்துகினே இருந்தேன், அப்பயும் இது எனக்குத் தெரியலன்னா? அந்த ஃபாரின் ஆளு என்னைப் பத்தி இன்னா நெனச்சிருப்பான்?" ஜன்னல் பக்கம் திரும்பினாள். "போர்டுக்குப் பொட்டு வச்சாரே, அந்தச் சாவிக்கும் வச்சிருந்தா தொறந்திருக்குமோ இன்னாவோ."

நான் திருமுல்லைவாயிலில் இறங்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிசம்பரில் மேலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். லிங்கர் முடிந்து, அனுப்பி, அவர்களுடைய பாராட்டும் வந்துவிட்டிருந்தது. மேஜையில் முறுக்குத் தட்டு இருந்தது. என் பக்கம் நகர்த்தினார்.

"வெளியாளுங்க முன்னாடி கம்பெனிய விட்டுக்கொடுக்கறவங்கள எப்படிம்மா பர்மனென்ட் பண்றது? இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்."

"வேலை முடிஞ்சிடுச்சே சார்," என்றேன். "போர்டுல ஓடுதே."

"ஓடுது. யார் இல்லன்னா? நான் வேலையப் பத்திப் பேசல. நடத்தையப் பத்திப் பேசறேன்."

"பொய் சொல்லாதது நடத்தை இல்லையா சார்?"

"உங்களுக்குப் பத்திரிகைக்காரங்க வாய் இன்னும் போகல," என்றார். முறுக்கை எடுத்துக் கடித்தார். அவர் மெல்லும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவரைவிட அந்தச் சத்தத்தின்மேல் எனக்கு ஏற்பட்ட வெறுப்பு இன்னும் போகவில்லை. அவள் வெளியே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, அடுத்த வேலைக்கான கோப்பைத் திறந்தாள்.

வங்கி ஆறு மாதம் கழித்து வரச் சொன்னது. மார்ச்சில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றிய டெம்போவுக்குப் பின்னால் நானும் போனேன். ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களில் சாக்கு கட்டியிருந்தது. அவளுடைய அப்பா, யாரும் கேட்காமலே, சுவரில் சுவிட்ச் வரவேண்டிய ஓட்டைகளை எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினார்.

அந்த வீட்டுக்கு மின்சாரம் ஆகஸ்டில் வந்தது.